ஆஃப்டர்நூன் டீ வீட்டிலேயே: தண்ணீர் முதல் மூன்றடுக்குத் தட்டு வரை

லண்டனின் பழைய பெரிய ஹோட்டல்களில் மதியம் மூன்று மணியை ஒட்டிப் பரிமாறுகிற ஆஃப்டர்நூன் டீ இருக்கிறதே, சாண்ட்விச், ஸ்கோன் என்கிற லேசான இனிப்புள்ள குட்டி ரொட்டி, கேக் என்று மூன்றடுக்குத் தட்டில் வருமே, அதை வீட்டில் ஆறு பேருக்குப் போட்டேன். எப்படிச் செய்தேன், எது ஏன் அப்படி வருகிறது என்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். சமையல் குறிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கும் அளவுகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் நேரக் கணக்கை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள், இதில் பாதி வேலை அதுதான்.

வீட்டில் ஏன் என்றால், ஊரிலிருந்து வந்த அம்மாவை மத்திய லண்டனில் ஒரு ஹோட்டலுக்கு இதற்காகவே அழைத்துப் போயிருந்தேன். அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளை மேசை விரிப்பு, கோப்பையின் மேல் வைக்கிற வெள்ளி வடிகட்டி, மூலையில் சத்தம் இல்லாமல் வாசிக்கும் பியானோ, எல்லாவற்றையும்விட யாரும் எழுந்திரு எழுந்திரு என்று அவசரப்படுத்தாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச முடிந்தது. திரும்பும்போது ரயிலில், இங்கே கோயிலில் பழக்கமான தன் சிநேகிதிகளையும் கூட்டி வந்திருக்கலாமே என்றார். பெயர் பெற்ற ஹோட்டல்களில் இன்று தலைக்கு 70, 80 பவுண்டு ஆகிறது, அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் வேறு. ஆறு பேரைக் கூட்டிப் போவது நடக்கிற காரியமில்லை. சரி, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்வோம், ஆனால் பிஸ்கட்டும் கேக்கும் வைத்து ஒப்பேற்றாமல் முறைப்படி செய்வோம் என்று இறங்கினேன்.

முறை என்றால் என்ன முறை? 1840-ஐ ஒட்டி பெட்ஃபோர்டின் ஏழாவது சீமாட்டி அன்னா, மதியச் சாப்பாடு கொஞ்சமாகவும் இரவு விருந்து எட்டு மணிக்கு மேலும் ஆகிவிட்டதால், இடையில் வந்த பசிக்குத் தன் அறைக்கே டீயும் ரொட்டியும் வெண்ணெயும் வரவழைத்துக்கொண்டார், பிறகு தோழிகளையும் அழைத்தார், அதுதான் பழக்கமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். மாளிகை வரவேற்பறையில் இருந்த இந்த வழக்கத்தைக் காசு கொடுத்து யாரும் உட்காரலாம் என்று மாற்றியவை ஹோட்டல்கள். 1865-இல் திறந்த லாங்கம் தன்னுடைய பாம் கோர்ட் என்ற கூடத்தில்தான் ஹோட்டல் ஆஃப்டர்நூன் டீ பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறது. சவாய் 1889-இல் வந்தது, ரிட்ஸ் 1906-இல். ரிட்ஸில் இன்றும் ஆண்கள் கோட்டும் டையும் போட்டுத்தான் டீக்கு உட்கார வேண்டும்.

அந்த ஹோட்டலில் உட்கார்ந்திருந்தபோது நான் கவனித்தது ஒன்றுதான். எதுவும் ஒன்றாக வரவில்லை. முதலில் டீ, பிறகு சாண்ட்விச், நாங்கள் சாண்ட்விச்சில் பாதி போன பிறகு வெள்ளைத் துணியில் சுற்றிய ஸ்கோன், தொட்டால் சுடும். இரண்டாவது முறை டீ கேட்டபோது பழைய குடுவையில் தண்ணீர் ஊற்றித் தரவில்லை, புதிய இலை போட்டுப் புதிய குடுவை வந்தது. ஸ்கோனுக்கு நல்ல நேரம் அடுப்பிலிருந்து எடுத்த பிறகு இருபது நிமிடம், அவ்வளவுதான். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுக்கு ஒரு மணி நேரம். குடுவையில் இறங்கிய டீக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. அந்தந்தப் பண்டத்தை அதனதன் நல்ல நேரத்தில் நம் முன்னால் வைப்பதற்குத்தான் அங்கே அத்தனை பேர் வேலை செய்கிறார்கள். பியானோவும் சரவிளக்கும் வீட்டில் கிடையாது, ஆனால் நேரத்தைப் பிடிக்க முடியும்.

முதலில் தண்ணீரில் கை வைத்தேன். லண்டன் தண்ணீர் கடின நீர், பல பகுதிகளில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பு உப்பு. கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும், சென்னையில் போர் தண்ணீரில் குடித்தனம் நடத்தியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இதில் போட்ட டீயைக் கோப்பையில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் மேலே ஒரு படலம் கட்டும். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள், எண்ணெய் மினுமினுப்பு தெரியும், ஸ்பூனை விட்டால் சில்லு சில்லாக உடைந்து கோப்பை ஓரத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். கோப்பை சரியாகக் கழுவவில்லை என்று நினைப்போம், அது இல்லை. தண்ணீரில் உள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீக்குத் துவர்ப்பு தருகிற பாலிஃபீனால்களோடு காற்றுப் படும் இடத்தில் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது.

ஒரே இலை, ஒரே அளவு, ஒரே நேரம், மூன்று கோப்பை வைத்துப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் போட்டது கறுத்துப்போய், மேலே படலத்தோடு, வாசனை அமுங்கிக் கிடந்தது. அதே தண்ணீர் டீயில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டதில் நிறம் சட்டென்று வெளுத்தது, படலம் இல்லை, ஆனால் அது எலுமிச்சை டீ ஆகிவிட்டது. வடிகட்டும் ஜாடியில் இறங்கிய தண்ணீரில் போட்டதுதான் சரியாக வந்தது: செம்பொன் நிறம், கோப்பையின் அடி தெரிகிற தெளிவு, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோகாமலே வாசனை. விலை கூடிய இலை வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைச் சரி பண்ணுங்கள் என்பேன். நல்ல இலையைக் கடின நீரில் போடுவது அந்த இலைக்குச் செய்கிற அநியாயம். ஜாடியின் வடிகட்டியை அந்தந்தக் காலத்தில் மாற்றுங்கள், நாளானால் அது வேலை செய்யாது.

அடுத்து இலை. இரண்டு வகை எடுத்தேன், பால் இல்லாமல் குடிக்க இலங்கை மலையில் விளைகிற நுவரெலியா, பாலோடு குடிக்க அசாம். இரண்டுமே ஆர்தடாக்ஸ், அதாவது இலையைச் சுருட்டிக் காயவைத்தது, நம் கடை டீயில் வருகிற, நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணையான சி.டி.சி. இல்லை. சி.டி.சி.யைக் குடுவையில் போட்டால் ஒரு நிமிடத்திலேயே கறுத்து இறங்கிவிடும், பாலோடு கொதிக்கவிடுவதற்கு அதுதான் ராஜா, ஆனால் கோப்பைக்குக் கோப்பை சுவை மாறி வருவதை ரசிக்கிற இந்தச் சடங்குக்கு இலை பெரிதாக இருக்க வேண்டும்.

இந்த இலைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீமாட்டி அன்னா டீ வரவழைத்த காலத்தில் இங்கிலாந்து குடித்தது பெரும்பாலும் சீன டீ. அசாமில் விளைந்த டீ லண்டனில் முதன்முதலாக ஏலம் போனதே 1839 ஜனவரியில். லாங்கம் திறந்தபோது இலங்கையில் டீ தோட்டம் என்று ஒன்று வியாபாரமாகத் தொடங்கவே இல்லை, ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்டது 1867-இல். அப்புறம் காப்பிச் செடிகளை இலை நோய் அழிக்க, மலை முழுக்க டீ ஏறியது, அதை ஏற்றியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஆட்கள், இன்றும் கிள்ளுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் வழிவந்த மலையகத் தமிழ்ப் பெண்கள்தான். எங்களுக்குத் தந்த டீ அட்டையில் தோட்டத்தின் உயரம், பருவம், வாசனை எல்லாம் இருந்தது, கிள்ளிய கையைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை நான் மேசையில் வைத்த சின்ன அட்டையில் எழுதினேன்.

அளவு இது: 200 மில்லி கோப்பைக்கு 2.5 கிராம் இலை, சமையலறைத் தராசில் நிறுத்து. டீயைச் சுவைத்துத் தரம் பிரிக்கிறவர்களுக்கு ஒரு சர்வதேச நெறியே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103 என்று, 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது குறைகளைக் கண்டுபிடிக்கப் போடுகிற கசப்பு டீ, விருந்தாளிக்குக் கொடுக்கிற டீ இல்லை. குடுவையில் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட்டு, இலையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை உடனே ஊற்றி மூடி, நுவரெலியாவுக்கு மூன்றரை நிமிடம், அசாமுக்கு ஐந்து. நேரம் ஆனதும் இன்னொரு சூடான குடுவைக்கு வடித்து மாற்றிவிட வேண்டும். இதை யாரும் செய்வதில்லை, செய்தே ஆக வேண்டியது இதுதான். இலை உள்ளேயே கிடந்தால் முதல் கோப்பை அமிர்தமாகவும் மூன்றாவது கோப்பை கஷாயமாகவும் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன ஜாடியில் வெறும் வெந்நீர் வைத்தேன், திடம் அதிகம் என்கிறவர்கள் விட்டுக்கொள்ளலாம். பால் முதலிலா டீ முதலிலா என்று இங்கே பெரிய சண்டையே உண்டு. குளிர்ந்த பாலில் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பால் புரதம் திடீர்ச் சூட்டில் திரியாது என்பது ஒரு கட்சி, டீயின் நிறத்தைப் பார்த்துப் பால் விடலாம் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பாலை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து முன்னமே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

இனி கிரீம். ஸ்கோனுக்கு வைக்கிற கிளாட்டட் கிரீம் கடையிலேயே கிடைக்கிறது, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற கார்ன்வால் பெயரில் விற்க வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பாலில் அங்கேயே செய்திருக்க வேண்டும், கொழுப்பு 55 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்று 1998 முதல் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஆனாலும் வீட்டில் செய்து பார்க்க ஆசையாக இருந்தது, காரணம் ஹோட்டலில் அதை வாயில் வைத்ததும் அம்மா சொன்னது.

"ஏன்டா, இது நம்ம வீட்டு ஆடைதானே? இதையா இவ்ளோ மரியாதையா கொண்டுவந்து வெக்கிறாங்க?"

ஆடைதான். பாலுக்குப் பதில் கிரீமைக் காய்ச்சி எடுத்த ஆடை. இங்கே கிடைக்கும் டபுள் கிரீம், கொழுப்பு 48 சதவீதம், சாதாரணமாகப் பாஸ்டுரைஸ் செய்தது, நீண்ட நாள் கெடாத பெட்டி கிரீம் உதவாது. அகலமான தட்டையான பாத்திரத்தில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, 80 டிகிரியில் மூடாமல் ஓவனில் 12 மணி நேரம். ராத்திரி வைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் வீடு முழுக்கப் பால் காய்ச்சிய வாசனை. மேலே வெளிர் மஞ்சளில் ஆடை சுருங்கிச் சுருங்கி நிற்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் பொன்னிறம். அதைக் கலக்காமல் கொள்ளாமல் ஆறவிட்டு, மூடி, ஃபிரிட்ஜில் குறைந்தது எட்டு மணி நேரம். பிறகு ஸ்பூனால் மேலிருந்து சரித்து எடுத்தால் கட்டியாக வரும், அடியில் நீர்த்த பால் தங்கும். ஊற்றிய கிரீமில் ஏறக்குறைய பாதிதான் கட்டியாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீர்த்த பாலைக் கொட்டாதீர்கள், ஸ்கோன் மாவில் சேர்த்தால் அவ்வளவு மிருதுவாக இருக்கிறது. தமிழ்நாட்டில் முயல்கிறவர்கள் 25 சதவீதக் கொழுப்புள்ள பெட்டி கிரீமை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம், நல்ல எருமைப் பால் கிடைத்தால் அதை மெல்லிய தீயில் மணிக்கணக்காகக் காய்ச்சி ஆடை எடுப்பது இதற்கு எவ்வளவோ பக்கத்தில் வரும்.

ஸ்கோன்தான் இந்த வேலையின் நடு மையம், இதில் நான் நிறைய நேரம் செலவழித்தேன். எட்டு ஒன்பது ஸ்கோனுக்கு: பேக்கிங் பவுடர் கலந்தே வருகிற மாவு 225 கிராம் (மைதா என்றால் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்), ஒரு சிட்டிகை உப்பு, ஃபிரிட்ஜிலிருந்து நேராக எடுத்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், பால் 150 மில்லி. பாலில் பாதிக்குத் தண்ணீர் அதிகம் விடாத புளித்த மோரைச் சேர்த்தேன், புளிப்பு பட்டால் உப்பல் கூடுகிறது, ருசியும் நன்றாக இருக்கிறது. வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மாவில் போட்டு, விரல் நுனியால் மட்டும், மாவைத் தூக்கித் தூக்கி உதிர்க்க வேண்டும், உள்ளங்கை படக்கூடாது, உள்ளங்கைச் சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். புட்டு மாவு மாதிரி ஆனதும் நிறுத்திவிடுங்கள். சர்க்கரையைத் தூவி, நடுவில் குழி செய்து பாலை ஊற்றி, ஒரு சாப்பாட்டுக் கத்தியால் கீறிக் கீறிக் கலக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கை இங்கே சும்மா இருக்காது, அதைக் கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம். பிசைந்தால் மாவில் இழுவை வந்து ஸ்கோன் பன் ஆகிவிடும். ஒட்டுகிற பதத்திலேயே பலகையில் கொட்டி, மாவு தூவி, இரண்டு தரம் மடித்து, கையால் தட்டி 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு நிறுத்தினேன். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றரை சென்டிமீட்டருக்குத் தட்டினால் பிஸ்கட்தான் வரும்.

5 சென்டிமீட்டர் வட்ட வெட்டியை மாவில் தோய்த்து நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகி எடுத்தவற்றையும் நேராக எடுத்தவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்தேன், திருகியவை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தன, ஓரம் நசுங்கி ஒட்டிக்கொள்வதால் அந்தப் பக்கம் மேலே போக முடிவதில்லை. நேராக எடுத்தவற்றில் நடு வயிற்றில் ஒரு வெடிப்பு, அந்த வெடிப்பில் கை வைத்துப் பிரித்தால் கத்தியே வேண்டாம், இரண்டாகப் பிரிந்து வரும். மேலே பூசுகிற பாலோ முட்டையோ ஓரத்தில் வழிந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும், அதனால் தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு மேல்பரப்பில் மட்டும். ஓவன் 220 டிகிரி, தட்டும் உள்ளேயே சூடாகி இருக்க வேண்டும், 12 முதல் 14 நிமிடம். வெட்டியதை உடனே சுட வேண்டும் என்பதில்லை, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுட்டவை இன்னும் நேராகவே எழுந்தன. இந்த அரை மணி நேரம்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது, அதைக் கீழே சொல்கிறேன்.

கார்ன்வாலுக்குப் பக்கத்து டெவன்காரர்கள் முதலில் கிரீம், மேலே ஜாம் என்பார்கள், கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம், மேலே கிரீம். ஸ்கோன் சூடாக இருக்கும்போது கார்ன்வால் வழிதான் சரி, கிரீமை நேராகச் சூட்டில் வைத்தால் நெய்யாக உருகிவிடுகிறது, நடுவில் ஜாம் இருந்தால் நிற்கிறது. ஆறிய ஸ்கோன் என்றால் எப்படி வேண்டுமானாலும் சாப்பிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி ஜாம் கடையில் வாங்கியதுதான்.

சாண்ட்விச்சில் அம்மாவின் தோழிகளில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்ததால் வெள்ளரிக்காய், செடார் சீஸ் சட்னி, முட்டை, பிறகு கொரோனேஷன் சிக்கன் என்று நான்கு வைத்தேன். கடைசியில் சொன்னது 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விருந்துக்காக ரோஸ்மேரி ஹியூமும் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரையும் உருவாக்கியது, மயோனைஸில் மசாலாத்தூளும் ஆப்ரிகாட் கூழும் கலந்தது. சிக்கனுக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலையைப் போட்டும் ஒன்று செய்தேன், அது சிக்கனைவிட நன்றாக இருந்தது என்பது என் கட்சி.

வெள்ளரிக்காய் சாண்ட்விச் பார்க்க ஒன்றும் இல்லாதது, ஆனால் ஹோட்டலின் தரம் தெரிவது அதில்தான். தோலைச் சீவி, அடியில் தட்டு தெரிகிற மெல்லிசில் நறுக்கி, லேசாக உப்புத் தூவி இருபது நிமிடம் வடிதட்டில் வைத்தால் தண்ணீர் இறங்கும், பிறகு துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். ரொட்டித் துண்டு இரண்டிலும் ஓரம் வரைக்கும் இளகிய வெண்ணெய், ஒரு இடம்கூட விடாமல். வெண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை, காயின் ஈரம் ரொட்டிக்குள் போகாமல் தடுக்கிற பூச்சு அது. காயை ஒன்றன்மேல் ஒன்று பாதி படிகிறபடி அடுக்கி, வெள்ளை மிளகுத்தூள் தூவி மூடி, அதன் பிறகுதான் நான்கு பக்கத் தோலையும் நறுக்க வேண்டும், முதலிலேயே நறுக்கினால் ஓரம் நேராக நிற்காது. விரல் நீளத்துக்கு மூன்று துண்டு. ஈரம் பிழிந்த பழைய வேட்டித் துணியால் மூடி வைத்தேன், ரொட்டி ஓரம் காய்ந்து வளையவில்லை.

மூன்றடுக்குத் தட்டு. புதிதாக வாங்கலாம், ஆனால் எங்கள் பகுதி சாரிட்டி கடையில் ஓரத்தில் நீலப்பூ போட்ட பழைய பீங்கான் தட்டுகள் சில்லறைக் காசுக்குக் கிடந்தன, பெரியது நடுத்தரம் சிறியது என்று மூன்று எடுத்து நானே துளையிட்டேன். நடுக்கம்பி, திருகு, பிடி எல்லாம் சேர்ந்த பொட்டலம் ஆன்லைனில் தனியாக விற்கிறார்கள். வைரத்தூள் முனை உள்ள துளைக்கோல் வேண்டும், மரத்துக்கானது பீங்கானைத் தொடக்கூட முடியாது. தட்டின் நடுப்புள்ளியை அளந்து குறித்து, மேலும் கீழும் காகித டேப் ஒட்டி, ஈரமான மரப்பலகை மேல் தட்டைப் படிய வைத்து, டிரில்லில் தட்டித் துளைக்கிற சுத்தியல் முறையை அணைத்துவிட்டுக் குறைந்த வேகத்தில் சாய்வாகத் தொடங்கி, பிறை வடிவத்தில் ஒரு கீறல் விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். அந்த இடத்தில் விடாமல் தண்ணீர் சொட்ட வேண்டும், பிளக் பக்கம் தண்ணீர் போகாமலும் பார்க்க வேண்டும், அதனால் பேட்டரி டிரில்தான் நல்லது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி கட்டாயம். அழுத்தவே கூடாது, டிரில்லின் எடையே போதும். சேறு வெள்ளையாக வரும்வரை பீங்கான்தான் அரைபடுகிறது, சத்தம் மாறி மெலிதானால் அடுத்த பக்கம் வந்துவிட்டது, அங்கேதான் பொறுமை வேண்டும், கடைசி அரை மில்லிமீட்டரில் அவசரப்பட்டால் கீழ்ப்பக்கம் சில்லு பெயரும். பொருத்தும்போது ஒவ்வொரு தட்டுக்கும் மேலும் கீழும் ரப்பர் வாஷர் போடுங்கள். உலோகம் நேராகப் பீங்கானில் பட்டால் இறுக்கும்போது விரிசல் விடும். விரலால் இறுக்கினால் போதும், குறடு எடுக்க வேண்டாம்.

மேல் தட்டுக்கு விக்டோரியா ஸ்பாஞ்ச் ஒன்று, முட்டையின் எடைக்கு எடை வெண்ணெய், சர்க்கரை, மாவு, நடுவில் ராஸ்பெர்ரி ஜாம், முந்தைய நாளே செய்தது. கூடவே வாங்கிய எலுமிச்சை டார்ட். ஹோட்டலின் குட்டிக் குட்டிப் பலகாரங்களை வீட்டில் செய்யப் போனால் மற்ற எல்லாம் கெடும், அதற்கென்று அங்கே தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

அன்றைக்கு மூன்றரை மணிக்கு உட்காருவது என்று வைத்துக்கொண்டு பின்னாலிருந்து எண்ணினேன். கிரீம் இரண்டு நாள் முந்திய ராத்திரி. கேக் முந்தின நாள். அன்று மதியம் ஒன்றரைக்கு முட்டை அவித்து, வெண்ணெயை வெளியே எடுத்து, வெள்ளரிக்காய்க்கு உப்பு போட்டாயிற்று. இரண்டு மணிக்குச் சாண்ட்விச், இரண்டே முக்காலுக்கு ஈரத்துணிக்குள். மூன்று மணிக்கு ஸ்கோன் மாவு, வெட்டி ஃபிரிட்ஜுக்குள். மூன்றேகாலுக்கு ஓவனை ஏற்றி, இரண்டு கெட்டிலிலும் தண்ணீர். எல்லாரும் உட்கார்ந்து முதல் கோப்பையை ஊற்றிய பிறகுதான் ஸ்கோன் ஓவனுக்குள் போக வேண்டும் என்பது திட்டம். தோழிகளில் ஒருவர் வந்த பஸ் தாமதமாகி இருபது நிமிடம் கழித்து வந்தார், ஃபிரிட்ஜில் காத்திருந்த ஸ்கோனுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அவர் வந்து உட்கார்ந்ததும் நுவரெலியா டீ, சாண்ட்விச், அடுப்பில் ஸ்கோன். பதினான்காவது நிமிடம் துணியில் சுற்றி மேசைக்கு. பிரித்ததும் ஆவி வந்தது, பேச்சு நின்றது.

டீயைப் பற்றி வந்த ஒரே குறை சூடு. "தம்பி, வாசனை பிரமாதம்ப்பா, ஆனா நமக்கு நாக்கு சுடணும்" என்றார் ஒரு அத்தை. நியாயமான குறை. வடித்து மாற்றும்போதே டீ சில டிகிரி இறங்கிவிடுகிறது, மெல்லிய பீங்கான் கோப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். இரண்டாவது சுற்றில் கோப்பைகளையும் வெந்நீர் விட்டுச் சூடாக்கி, மாற்றிய குடுவையின் மேல் கம்பளி உறையைப் போட்டு, பாலையும் லேசாகச் சுட வைத்துக் கொடுத்தேன். அசாம் அந்தச் சூட்டைத் தாங்குகிறது. அவர் மூன்று கோப்பை குடித்தார். அட்டையில் எழுதியிருந்ததைப் படித்த இன்னொருவர், தன் தாத்தா ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருந்தவர் என்று தொடங்கி, வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு, கொழுந்துக்கூடை என்று பேசிக்கொண்டே போனார். எல்லாரும் எழுந்தபோது ஏழு மணி.

செலவைக் கூட்டிப் பார்த்தால், தட்டுக்கும் கம்பிக்கும் சேர்த்தே, ஆறு பேருக்கும் ஆனது ஹோட்டலில் ஒருவருக்கு ஆகிற தொகையைத் தாண்டவில்லை. ஆனாலும் ஒருமுறையாவது ஹோட்டலில் போய் உட்காருங்கள், எந்த நேரத்தில் எது வருகிறது என்று கவனியுங்கள், வீட்டில் செய்ய அதுதான் பாடம். மிச்சத்தில் சாண்ட்விச்சை வைத்துக்கொள்ள முடியாது, அன்றே தீர்த்துவிடுங்கள். கிரீம் ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் நிற்கும். சுட்ட ஸ்கோன் மறுநாள் கட்டிப்போய்விடும், அதனால் அதிகம் வேண்டும் என்றால் மாவை வெட்டிய நிலையிலேயே தட்டில் பரப்பி உறையவைத்து, உறைந்ததும் பைக்குள் போட்டுவிடுங்கள். யாராவது வந்தால் உறைந்தபடியே ஓவனில் வைக்கலாம், வெப்பத்தை 200-க்குக் குறைத்து, நாலைந்து நிமிடம் கூடுதலாக.